பீரோவின் முன் வரிசை

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பீரோவில் 60 புடவைகளுக்குக் குறையாது. ஆனாலும் சுற்றிச் சுற்றி அதே பத்துப் புடவைகளைத்தான் கட்டுகிறேன். காலையில் உடுத்த ஒன்றுமே இல்லை என்று மலைப்பாக இருக்கிறது. புதிதாக வாங்காமல், எனக்கென்று ஓர் உடைப் பாணியை அமைத்துக்கொள்ள வழி உண்டா?
(ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: அந்தப் பத்துப் புடவைகளைக் குறையாக நினைக்காதீர்கள். உங்கள் பாணி எதுவென்று உங்கள் கை முன்பே தேர்ந்து வைத்திருக்கிறது; அதை நீங்கள் கண்டுகொள்வதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்தையும் கட்டிலில் விரித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கரை இரண்டு விரல் அகலமா, நான்கு விரல் அகலமா, துணி உடம்போடு படிகிறதா, விறைத்து நிற்கிறதா, பங்குனி வெயிலில் நாள் முழுக்க வகுப்பில் நின்ற பிறகும் கொசுவம் கலையாமல் இருந்தது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தால், ஏழெட்டுப் புடவைகளுக்கு ஒரே பதில் வருவதைக் காண்பீர்கள். அந்தப் பதில்தான் உங்கள் பாணி.

அடுத்து, மீதி ஐம்பதையும் ஏன் கட்டுவதில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் குறை புடவையில் இருப்பதில்லை. ஜாக்கெட் இறுகிவிட்டது, பால்ஸ் விட்டுப்போயிற்று, கஞ்சி போட நேரமில்லை என்று காரணம் வேறெங்கோ இருக்கும். என் அம்மா கொடுத்த கத்தரிப்பூ நிறச் செடிபுட்டா புடவை ஒன்று நான்கு ஆண்டுகள் அடித்தட்டில் கிடந்தது. செடியும் பூவுமாகப் புட்டா போட்டு வீரவநல்லூரில் கைத்தறியில் நெய்கிற இந்தப் புடவைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதுதான் எனக்கு அதன் நினைவே வந்தது. எடுத்துப் பார்த்தால், புடவை புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. ஜாக்கெட்டின் கைதான் பிடித்தது. ஜாக்கெட்டை உள்புறம் திருப்பியபோது, தைத்தவர் இரு பக்கமும் முக்கால் அங்குலம் துணி விட்டு வைத்திருந்தது தெரிந்தது. பழைய தையலை ஊசி முனையால் பிரித்து, அரை அங்குலம் தள்ளி மறுபடி தைக்கச் சொன்னேன். உள்ளே ஒளிந்திருந்த துணி வெளுக்காமல் இருந்ததால், அக்குளுக்குக் கீழே சற்று அடர்ந்த கோடு ஒன்று தெரிகிறது. கையைத் தூக்கினால் ஒழிய யாருக்கும் அது தெரிவதில்லை. இப்போது மாதம் இரண்டு முறையாவது அந்தப் புடவையைக் கட்டுகிறேன்.

ஆகவே, புடவைக்கு ஒரு ஜாக்கெட் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அரக்கு, கறுப்பு, சந்தனம், கடுகு மஞ்சள் ஆகிய நிறங்களில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பருத்தி ஜாக்கெட்டுகளை அளவு சரிசெய்து வைத்துக்கொண்டால், கரையின் நிறத்தைப் பார்த்து இருபது புடவைகளுக்காவது மாற்றி மாற்றி அணியலாம். துவைத்து மடித்த புடவையை எப்போதும் அடுக்கின் இடப்பக்கமே வையுங்கள். ஆனித் தேரோட்டத்தின்போது தொடங்கினால், தீபாவளிக்குள் வலப்பக்கமே தங்கிவிட்ட புடவைகள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றைக் கட்டக்கூடிய தங்கைக்கோ மதினிக்கோ மனதாரக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் பார்க்கும் உடைகளெல்லாம் நன்றாக இருக்கின்றன, வாங்கிப் போட்டால் எனக்கு எடுப்பாக இல்லை. இருக்கும் சட்டைகளை வைத்தே நன்றாக உடுத்த முடியுமா?
(கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

பதில்: முடியும், தம்பி. முதலில் தோள்பட்டைத் தையலைப் பாருங்கள். அது தோள் எலும்பு முடியும் இடத்தில் இருந்தால் அந்தச் சட்டையை வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றையும் நீளத்தையும் கையையும் எந்தத் தையற்காரரும் சிறிய கூலிக்குக் குறைத்துவிடுவார். தோள் பொருந்தாத சட்டையைச் சரிசெய்வது கடினம். நம் ஊர் வெயிலுக்குப் பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. அவற்றை மார்கழிக்கு ஒதுக்கிவிட்டுப் பருத்திச் சட்டைகளை முன்னால் வையுங்கள். வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தால், வேட்டிக்கும் ஜீன்ஸுக்கும் அதுவே போதும். பருத்தி விளைவது முதல் கணக்கிட்டால், ஒரு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பார்கள். ஆற்றங்கரையில் வளர்ந்த உங்களுக்கு அந்தக் கணக்கின் கனம் புரியும். சட்டையை உள்புறம் திருப்பி நிழலில் உலர்த்தினாலே கூடுதல் காலம் உழைக்கும்.

கேள்வி: ஆச்சியின் கலியாணப் பட்டு மடிப்புகளில் இற்றுப்போயிருக்கிறது. அதைச் சுடிதாராகத் தைத்துக்கொள்ளலாமா?
(வாசகி, திருநெல்வேலி டவுன்)

பதில்: கத்தரி வைக்கும் முன், புடவையை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடுகளில் மட்டும் வெளிச்சம் கசிந்தால், இடையிலுள்ள துணி இன்னும் உறுதியாக இருக்கிறது என்று பொருள். உடல் முழுவதும் சல்லடையாகத் தெரிந்தால், சுடிதார் தைத்தாலும் முதல் முறை உட்காரும்போதே கிழியும். அதற்காகக் கூலி கொடுக்காதீர்கள். பொதுவாக முந்தியும் கரையும்தான் கடைசிவரை உறுதியாக இருக்கும். முந்தியைப் பருத்தி லைனிங் கொடுத்து ஜாக்கெட்டாகவோ, கரையைச் சாதாரணப் பருத்திப் பாவாடையின் அடியில் வைத்துக் குழந்தைக்கோ தைக்கலாம். பழைய சரிகையில் வெள்ளி இருக்கும் என்று எடைக்கு வாங்குபவர்கள் வருவார்கள். ஆச்சி உடுத்தியதை அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வராது, உங்கள் விருப்பம். மீதிப் பட்டுகளையாவது பழைய வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது.

கேள்வி: உடுத்த முடியாத பழந்துணிகளை என்ன செய்வது? பாபநாசத்தில் தாமிரபரணி ஆற்றில் விட்டுவிடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.
(குடும்பத்தலைவி, விக்கிரமசிங்கபுரம்)

பதில்: ஆற்றில் விடாதீர்கள், அக்கா, இதை உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி விடப்படும் துணிகள் தண்ணீருக்கு அடியில் பாறைகளில் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. தன்னார்வலர்கள் மூழ்கி மூழ்கி அவற்றை இழுத்துப் போடுகிறார்கள். இன்றைய துணிகளில் பெரும்பகுதி பாலியஸ்டர் கலந்தது, மட்குவதில்லை. அந்தத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரை குடிக்கிறார்கள். சடங்குக்காக உடையைக் களைந்தே ஆக வேண்டுமென்றால், கரையில் ஒரு பையில் போட்டு, குப்பை சேகரிக்கும் இடத்தில் சேருங்கள். பெரியவர்களிடம், "ஆத்துக்கு நாம துணி கொடுக்க வேண்டாம், அதுதான் நமக்குத் தண்ணி கொடுக்கு" என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

பருத்தியில் வீணாவது எதுவுமே இல்லை. நைந்த புடவை, பிறந்த குழந்தைக்குத் தொட்டிலாகும். அதைவிட மெத்தென்ற புதுத்துணி கடையில் கிடையாது. இன்னும் நைந்தால் அடுப்படிக் கரித்துணி. அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியைக் கோடைக்கு மட்டுமாவது தனியே எடுத்து வையுங்கள். மொட்டை மாடியில் அதை நனைத்து விரித்துக் கூழ்வற்றல் ஊற்றினால், காய்ந்ததும் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தவுடன் வற்றல் உடையாமல் உரிந்து வரும்; பிளாஸ்டிக் தாளில் இந்தப் பதம் வராது.