அண்ணாவுக்கு எச்.ஐ.வி என்று தெரிந்த பிறகு எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கலாமா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: யாழ்ப்பாணத்தில் அம்மா, அண்ணா, அண்ணி, சின்னப்பிள்ளை என்று எல்லோரும் ஒரே வீடு, ஒரே கிணறு. அண்ணாவுக்கு எச்.ஐ.வி உறுதியாகிவிட்டது. அம்மா அவருக்குத் தனிக் கோப்பையும் பேணியும் எடுத்து வைத்துவிட்டார். "இது எயிட்ஸ்தானா? எங்களுக்கும் தொற்றுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக ஒன்றாக இருக்கலாம். அந்தக் கோப்பையை முதலில் மற்றக் கோப்பைகளோடு திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

இரத்தம், விந்து, பெண்ணுறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகத்தான் இந்த வைரஸ் பரவும். ஒரே கிணற்றில் குளிப்பதாலோ, ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ வராது. பிள்ளை அண்ணாவின் மடியில் இருக்கட்டும். மாரி மழையோடு டெங்கு வருகிற ஊர் என்பதால் எங்கள் ஆட்கள் நுளம்பைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். டெங்கு வைரஸ் நுளம்பின் உடலுக்குள் பெருகி அதன் உமிழ்நீர் வழியாக அடுத்தவருக்குப் போகிறது. எச்.ஐ.வி நுளம்புக்குள் பெருகாது, அங்கே அழிந்துவிடும். சவர அலகும் பல் தூரிகையும் ஆளுக்கொன்று இருக்கட்டும். அது எந்த வீட்டிலும் இருக்கவேண்டிய பழக்கம்தான்.

எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. சின்ன மாமாவை யாரும் ஏசவில்லை, அன்பாகத்தான் ஒதுக்கினார்கள். பின் விறாந்தையில் கட்டில், தனித் துவாய், தனிச் செம்பு. அவருக்கு விளங்காமல் இருக்குமா? குளிசையை ஒளித்துக் குடிக்கத் தொடங்கினார். சொந்தக்காரர் வந்து தங்கினால் அந்த நாட்களில் குளிசையே இல்லை. கிளினிக்கில் ஊர்ச் சனம் யாரும் கண்டுவிடும் என்று குறித்த திகதிக்குப் போகாமல் விட்டார். கடைசியில் காசநோய் பிடித்துப் படுக்கையில் விழுந்தபோதுதான் வீடு விழித்தது. ஒழுங்காகக் குளிசை குடித்திருந்தால் அந்த நிலைக்கு வந்திருக்கவே மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்போது தேறி, தோட்டமும் செய்கிறார், குசினியில் எங்களோடு இருந்துதான் சாப்பிடுகிறார்.

எயிட்ஸா என்று கேட்டீர்கள். எச்.ஐ.வி என்பது வைரஸ். அது சிடி4 என்ற வெள்ளை அணுக்களை அழிக்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் பல வருடங்களில் அந்த அணுக்கள் ஒரு கன மில்லிமீற்றரில் 200க்குக் கீழே இறங்கும், அல்லது காசநோய் போன்ற கடும் தொற்றுகள் பிடிக்கும். அந்த நிலைக்குத்தான் எயிட்ஸ் என்று பெயர். நேரத்துக்குக் குளிசை தொடங்கியவர் அதுவரை போகாமலே முழு ஆயுளும் வாழலாம். இன்றைக்குப் பலருக்கு நாளுக்கு ஒரு குளிசைதான். இலங்கையில் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரங்களையும் இரகசியமாக வைத்திருப்பார்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. அங்கே போக அண்ணா கூச்சப்பட்டால் வேறு மாவட்டத்துக் கிளினிக்குக்காவது போகட்டும். போகாமல் மட்டும் இருக்கக்கூடாது.

இன்னொன்றை அவருக்கும் அண்ணிக்கும் கட்டாயம் சொல்லுங்கள். குளிசையை ஒழுங்காகக் குடித்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவு மூலம் அது துணைக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. அதில் 888 ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் உறவுகொண்டும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆனால் அந்த அளவுக்கு இறங்க மாதக்கணக்கில் எடுக்கலாம். இரத்தப் பரிசோதனையில் அது உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும்.

அண்ணி இப்போதே பரிசோதிக்க வேண்டும். முதல் முடிவில் தொற்று இல்லை என்று வந்தாலும், கிளினிக்கில் சொல்லும் இடைவெளி விட்டு மறுபடி செய்யவேண்டும். புதிய தொற்று உடனே பரிசோதனையில் தெரியாது. கடந்த 72 மணித்தியாலத்துக்குள் பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் இன்றைக்கே போங்கள். 28 நாள் தடுப்பு மருந்து இருக்கிறது, எவ்வளவு நேரத்தோடு தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இன்னொரு பிள்ளை பெற ஆசை இருந்தாலும் மனம் உடைய வேண்டாம், வைத்தியரோடு கதைத்துத் திட்டமிடலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கு எச்.ஐ.வி பரிசோதனை செய்வது இங்கே வழக்கமாகிவிட்டதே அதற்குப் பெரிய காரணம்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள். பேரப்பிள்ளையை நினைத்துப் பயந்திருக்கிறார். அண்ணாவுக்குச் சம்மதமென்றால் ஒருமுறை அம்மாவையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்காத எங்கள் அம்மம்மா, அங்கிருந்த தாதி ஒருவர் ஆறுதலாக விளங்கப்படுத்தியதும் கேட்டார்.

அப்புறம், யாராவது நாட்டு மருந்து கொண்டுவந்தால் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நெஞ்செரிவுக் குளிசை, இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதே கதைதான். அண்ணாவின் எச்.ஐ.வி குளிசையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், இவற்றைச் சேர்த்துக் குடிக்கும்போது அது உடம்பில் சேருவது குறையும். எவ்வளவு நேர இடைவெளி விடவேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.