ஹவுண்ட் எல்லாம் மோப்ப நாயா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பாட்டனார் ரங்கூனில் வாங்கிவந்த பழைய ஆங்கில வேட்டை நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் அடிக்கடி வரும் ‘ஹவுண்ட்’ என்ற சொல்லை ‘மோப்ப நாய்’ என்று எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள். அது சரிதானா? அச்சொல் வினையாகவும் வருகிறதே, அங்கே என்ன செய்வது?

தேவகோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘வேட்டை நாய்’ என்றே எழுதுங்கள். பழைய ஆங்கிலத்தில் எந்த நாயையும் குறித்த சொல் ஹவுண்ட். ஜெர்மன் மொழியில் ‘ஹுண்ட்’ இன்றும் வெறும் நாய்தான். ஆங்கிலத்தில் ‘டாக்’ பொதுப்பெயரான பின் ஹவுண்ட் வேட்டைக்கு உரியதாகச் சுருங்கியது.

அந்த வேட்டை நாய்களிலும் இரு வகை உண்டு. பிளட்ஹவுண்ட், பீகிள் போன்றவை கண்ணுக்குத் தென்படாத விலங்கின் தடத்தைத் தரையில் முகர்ந்தபடி நெடுந்தொலைவு தொடர்பவை. புதருக்குள் அவை எங்கே போகின்றன என்பதைக் குரைப்பொலியே வேட்டைக்காரருக்கு உணர்த்தும். கிரேஹவுண்ட், சலூக்கி போன்றவையோ இரையைக் கண்ணால் கண்டு, பெரும்பாலும் ஓசையின்றி, ஓடியே பிடிப்பவை. ஆழ்ந்த நெஞ்சும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட நம் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நம் பக்கத்துச் செம்மண் பொட்டலிலும் வற்றிய கண்மாயிலும் எழும்பி ஓடும் முயலைப் பிடிக்க இந்த உடற்கட்டே ஏற்றது. (வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அந்த வேட்டைக்கு இடமில்லை.) ‘மோப்ப நாய்’ என்று பொதுவாக எழுதினால் இவற்றையெல்லாம் வெளியே தள்ளியதாகிவிடும். மேலும், அத்தொடரைப் படிக்கும் தமிழர் நினைவுக்கு வருவது திருட்டு நடந்த வீட்டுக்குக் காவல்துறை அழைத்துவரும் நாய். அப்பணியில் உள்ள லாப்ரடாரும் டாபர்மேனும் ஹவுண்ட் வகையில் சேர்வதில்லை. நூலாசிரியர் வகை பிரித்துப் பேசும் இடத்தில் மட்டும் ‘மோப்ப வேட்டை நாய்’, ‘பார்வை வேட்டை நாய்’ என்று எழுதலாம்.

வினையாக வரும்போது நாயை விட்டுவிடுங்கள். கடன் கொடுத்தவர்கள் ஒருவரை ஹவுண்ட் செய்தார்கள் என்றால், நிம்மதியாக இருக்கவிடாமல் விரட்டினார்கள் என்று பொருள். ‘வேட்டையாடினார்கள்’ என்றால் கொன்றுவிட்டதாகத் தொனிக்கும். ‘ஓட ஓட விரட்டினார்கள்’ என்பதே போதும்.

இனப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற முதோல் ஹவுண்ட், ராம்பூர் ஹவுண்ட் ஆகியவை அப்படியே இருக்கட்டும். ஆனால் ‘பாலிகர் ஹவுண்ட்’ என்று எங்காவது வந்தால், அது பாளையக்காரர் என்ற நம் சொல்லை வெள்ளையர் திரித்து வைத்த பெயர். அங்கே ‘பாளையக்காரர் வேட்டை நாய்’ என்று தயங்காமல் எழுதுங்கள்.