பூஞ்சையிலிருந்து புது மருந்து கிடைக்கும் என்கிறார்களே, அப்படியானால் காளான் பொடி வாங்கிச் சாப்பிட்டால் போதாதா?

பூஞ்சை மருந்து இனிமேல்தான் வரவேண்டும் என்றில்லை. 2007-ல் அம்மா எனக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நான் விழுங்குவதில் இரண்டு மருந்துகள் பூஞ்சையில் பிறந்தவை. அம்மா இப்போது இல்லை. அவர் கொடுத்தது இன்னும் எனக்குள் வேலை செய்கிறது.

உங்கள் வீட்டிலும் யாருக்கோ உடம்பு சரியில்லை, யாரோ ஒரு காளான் பொடி டப்பாவை நீட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதல் மருந்து சைக்ளோஸ்போரின். அட்டையைப் பிரித்ததுமே குப்பென்று ஒரு நெடி அடிக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குகிறேன். நார்வேயில் ஹர்தாங்கர்வித்தா என்ற மேட்டுநிலத்தின் மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது இது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஊழியர்கள் விடுமுறைக்குப் போகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் மண் எடுத்து வருவார்களாம். அவர்கள் தேடியது கிருமிகளைக் கொல்லும் மருந்தை. அதற்கு இது பெரிதாக உதவவில்லை. ஆனால் 1972-ல், உடம்பின் எதிர்ப்பு சக்தியை இது அடக்குகிறது, அதே சமயம் மற்ற செல்களைக் கண்டபடி அழிப்பதில்லை என்று தெரிந்தது. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாற்றிவைத்த உறுப்பை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்துத் தாக்காமல் இருக்க இதுதான் காவல்.

இரண்டாவது மைக்கோஃபீனோலேட். இதன் மூலப்பொருளை 1893-லேயே இத்தாலியில் கோசியோ என்ற மருத்துவர் கெட்டுப்போன மக்காச்சோளத்தின் பூஞ்சையிலிருந்து பிரித்துவிட்டார். சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு மருந்தாக வந்தது 1995-ல். நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

சரி, பொடி விஷயம். கொரோனா சமயத்தில் சித்தப்பா பாசத்தோடு ஒரு காளான் கேப்சூல் டப்பா வாங்கி வந்தார். "எதிர்ப்பு சக்தி கூடும்பா" என்றார். மூன்று வாரம் சாப்பிட்டேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு கிரியேட்டினின்; அது கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். 1.2-ல் இருந்த அது 1.9 ஆனது. சிறுநீரகத்திலிருந்து துளி சதையை எடுத்துப் பார்க்கும் பயாப்சி சோதனை செய்தார்கள். உடம்பு சிறுநீரகத்தைத் தாக்க ஆரம்பித்திருந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டு ஒருவழியாக 1.4-க்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "எதிர்ப்பு சக்தியை அடக்கத்தானே மருந்து தருகிறோம், அதைக் கூட்ட நீங்களே ஒன்று சாப்பிடலாமா?" அன்று இரவு அம்மாவின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

கேப்சூலால்தான் இப்படி ஆனது என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்றும் யாரும் கிளம்ப வேண்டாம், அந்த டப்பாவுக்கும் சித்த மருத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை. குழம்பில் போடும் காளானையும் சொல்லவில்லை. நான் சொல்வது அளவைப் பற்றி. சைக்ளோஸ்போரின் கூடினால் சிறுநீரகமே கெடும், குறைந்தால் உடம்பு அதைத் தாக்கும். அதனால்தான் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்து மில்லிகிராம் கணக்கில் மாற்றுகிறார்கள். பொடியில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்? கடலையில் பிடிக்கும் பூஞ்சைதான் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சினையும் உண்டாக்குகிறது. பூஞ்சை என்றாலே மருந்து என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டு நோயாளி வேறு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், டப்பாவைத் திறக்கும் முன் அதை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.