கொழும்பில் ஒரு பகல்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நாங்கள் விசுவமடு. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பு பார்க்கவேணும் என்று பிள்ளைகள் ஒரே ஆக்கினை. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. மாமியும் வருவா, அவவுக்கு முழங்கால் நோ. இரவு பஸ்ஸில் போய், பகல் முழுக்க நின்று, அன்றிரவே திரும்புவதாக யோசனை. அறை எடுத்துத் தங்க எங்களுக்குக் கட்டாது. போன முறை மிருகக்காட்சிச்சாலையும் ஒரு பெரிய கடைத்தொகுதியும் பார்த்தோம். பாதி நாள் வாகன நெரிசலிலேயே போய்விட்டது. பிள்ளைகள் அழுது களைத்துத் திரும்பினதுதான் மிச்சம். இந்த முறை எங்கே போனால் நல்லது? எங்களுக்குச் சிங்களமும் பெரிதாகத் தெரியாது.

ஒரு வாசகி, விசுவமடு

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதை. காலை 7 மணிக்குப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கக்கூடிய புறக்கோட்டை, 11 மணிக்கு முழங்கால் நோ உள்ளவரைக் கூட்டிக்கொண்டு நுழையவே கூடாத இடம். போன முறை உங்கள் நாளைத் தின்றது தூரமும் நேரமும்தான். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை புறக்கோட்டையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அலுவலக நேரத்தில் காலி வீதியால் போய்வந்தால் பிள்ளைகள் அழாமல் என்ன செய்வார்கள்?

கிழமை நாள் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். ஞாயிறென்றால் புறக்கோட்டைக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டு. வெள்ளி மத்தியானம் தொழுகைக்காகப் பல கடைகள் சாத்தப்படும். போயா, அரச விடுமுறை நாள்களும் வேண்டாம். நீங்கள் பார்க்கப்போகும் தேசிய நூதனசாலை (அருங்காட்சியகம்) அன்று திறந்திருக்குமா என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

இரவு பஸ் விடிய முன்னரே புறக்கோட்டையில் இறக்கிவிடும். இருட்டில் தெருவில் நிற்காமல் நேரே கோட்டை ரயில் நிலையத்துக்குப் போங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம், முகம் கழுவலாம். சில்லறை கையில் இருக்கட்டும். பெரிய பைகளைப் பூட்டுப் போட்டு அங்குள்ள பொதி அறையில் கொடுத்துவிட்டு, இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று அப்போதே கேளுங்கள். இதைக் கேட்க மறந்து, பஸ் வெளிக்கிடுகிற நேரத்தில் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறவர்கள் உண்டு. அடையாள அட்டை, மாமியின் மருந்து, தண்ணீர், ஒரு குடை, பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாற்றுடுப்பு, இவ்வளவும் கையில் வைத்திருக்கும் சின்னப் பைக்குள் அடங்கும்.

வெளிச்சம் வந்ததும் புறக்கோட்டைக்குள் நடக்கலாம். மொழியைப் பற்றி இங்கே கவலை வேண்டாம். கடைக்காரரும் சுமை இழுப்பவர்களும் பெரும்பாலும் தமிழ் பேசுவார்கள். ஒவ்வொரு குறுக்குத் தெருவுக்கும் ஒவ்வொரு வியாபாரம். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். உழுந்தையும் பயறையும் வயலில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கே மூடைகள் கூரை முட்ட அடுக்கியிருப்பதே ஒரு காட்சி. லொறிகளில் இருந்து இறக்குகிற நேரமும் அதுதான்.

கவனிக்க வேண்டியது நாட்டாமைமாரின், அதாவது சுமை இழுப்பவர்களின், கைவண்டி. இரண்டு சில்லு, மேலே ஆள் உயரத்துக்குச் சுமை, முன்னால் நின்று இழுக்கிற ஒரே ஆள். வண்டியில் பிரேக் கிடையாது. அவர் திடீரென்று நின்றால் பின்னாலுள்ள பாரம் முழுவதும் அவரைத்தான் தள்ளும். அதனால்தான் நிற்காமல் சத்தம் போட்டுக்கொண்டே வருகிறார்கள். சத்தம் கேட்டதும் தெரு நடுவுக்குப் போகாமல் கடைச் சுவரோடு ஒதுங்குங்கள். மகளை எப்போதும் சுவர்ப் பக்கம் பிடியுங்கள்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல் இருக்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தது. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வருகிற செங்கல் வேலை, தூண்களில் முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். கிட்டப் போனால் சுவர் மட்டும்தான் தெரியும். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பாருங்கள். கடைகள் முழுவதும் திறந்து சாமான்களைத் தெருவில் பரப்பிவிட்டால் அப்படி நிற்க இடம் கிடைக்காது. ஆகவே 8 மணிக்கு முன்னர்.

அங்கிருந்து செட்டியார் தெரு. காலைச் சாப்பாட்டை இங்குள்ள சைவக் கடையில் முடித்து, மத்தியானத்துக்கும் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். நகைக்கடைகளுக்கு நடுவில் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் உண்டு. ஆடிவேல் விழாக் காலத்தில் வேல் ரதம் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். உங்கள் பயணம் அந்த நாள்களில் அமைந்தால் வீதிகள் மூடப்படும், நாள்களை முதலே விசாரியுங்கள்.

மாமிக்காக நான் சொல்வது கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில். செட்டியார் தெருவிலிருந்து ஓட்டோ பிடியுங்கள், நடக்க விடாதீர்கள். 1850களில் பொன்னம்பல முதலியார் தொடங்கிய கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பினார். வெளியே வெயில் ஏறும் நேரத்திலும் உள்ளே கல் குளிர்ந்து கிடக்கும். மத்தியானம் நடை சாத்துவார்கள். 9 மணியளவில் போனால் அரை மணி நேரம் ஆறுதலாக இருந்து கும்பிடலாம்.

10.30க்கு நூதனசாலையில் நில்லுங்கள். வெயில் உச்சிக்கு வரும் மூன்று மணித்தியாலத்தையும் கூரைக்குக் கீழே கழிக்க வேறு இடம் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசரின் சிங்காசனமும் முடியும் இங்கே உண்டு, எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று.

அந்தக் கல்லுக்கு முன்னால் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடிய பலகைக் கல்லாக, எழுத்துப் பக்கம் கவிழ்ந்து கிடந்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். உச்சியில் இரண்டு டிராகன். வலப்பக்கம் சீன எழுத்து, இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். மூன்றிலும் பொன், வெள்ளி, பட்டு என்று கொடைகளின் பட்டியல் வருகிறது. ஆனால் சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கும் படைக்கிறது. தென்னாவரம் என்பது இன்றைய தேவேந்திரமுனை. அங்கிருந்த பெருங்கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கோயில் போய்விட்டது, அதற்குச் சீனப் பேரரசர் அனுப்பிய காணிக்கையின் பட்டியல் தமிழில் இருக்கிறது. மகனிடம் கொப்பியும் பென்சிலும் கொடுத்து, தனக்குத் தெரிந்த எழுத்துகளைத் தேடிப் பிரதி பண்ணச் சொல்லுங்கள். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, வரிகளும் தேய்ந்திருக்கும். முதலில் ஒன்றும் பிடிபடாது. நேரே நின்று பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் சரிந்து விழும் கோணத்தில் பார்த்தால் வெட்டு துலங்கும்.

பொலன்னறுவையில் கிடைத்த சோழர் கால மரபுச் செப்புப் படிமங்களையும் தவற விடாதீர்கள். நடராசரும், கைத்தாளத்தோடு எலும்பும் தோலுமாக இருக்கும் காரைக்கால் அம்மையாரும் மாமிக்கு நிச்சயம் பிடிக்கும்.

பார்சலைப் பக்கத்திலுள்ள விகாரமகாதேவிப் பூங்காவில் மர நிழலில் சாப்பிடலாம். பிறகு ஓட்டோவில் தெற்குப் பெய்ரா ஏரிக்கரை. மீற்றரைப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஏறமுன் விலை பேசுங்கள். கைபேசியில் ஓட்டோ கூப்பிடும் பிக்மி (PickMe) செயலி தெரிந்தால் அதுவே நல்லது. ஏரியில் கூழைக்கடா கூட்டமாக இருக்கும். உங்கள் பக்கத்துக் குளங்களில் ஆள் அரவம் கேட்டாலே எழும்பிப் போகிற அதே பறவை, இங்கே சில மீற்றர் தூரத்தில் அசையாமல் இருக்கும். சொண்டின் மேற்பக்க ஓரத்தில் வரிசையாக இருக்கும் கரும்புள்ளிகளை நம் குளத்தில் ஒருநாளும் காண முடியாது. தண்ணீர் பாசியேறிப் பச்சையாக இருக்கும், மணக்கவும் கூடும். பிள்ளைகள் கை வைக்க வேண்டாம்.

அதே கரையில் நின்று அண்ணாந்தால் ஆல்டெயர் என்ற 240 மீற்றர் கட்டடம். நேராக ஒரு கோபுரம், அதன்மேல் சாய்ந்தபடி இன்னொன்று. விழப்போகிறது என்று மகள் பயப்படுவாள். ஏணியைச் சுவரில் சாத்தி வைத்தது போலத்தான் என்று சொல்லுங்கள், விளங்கிவிடும். தாமரைக் கோபுரமும் தெரியும், 350 மீற்றர். மேலே ஏறுவது பிள்ளைகளுக்கு ஆசைதான், ஆனால் ரிக்கற்றுக்கும் வரிசைக்கும் ஆகும் காசையும் நேரத்தையும் இந்த ஒரு நாளில் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

3 மணியளவில் கொள்ளுப்பிட்டி ரயில் நிலையம். வெள்ளவத்தைக்கு ரிக்கற் எடுங்கள், சொற்பக் காசு. தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம், ஆகவே வலப்பக்க யன்னல். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் பாறாங்கற்கள் மட்டும்தான். சோளகக் காற்று வீசும் ஓகஸ்ட்டில் தூவானம் யன்னலுக்குள்ளேயே வரும். 4.30க்குப் பிறகு இந்தத் திசை ரயில்களில் அலுவலகச் சனம் வாசலில் தொங்கும், அதனால்தான் இந்த நேரம் சொல்கிறேன். பிளாற்போமுக்கும் பெட்டிப் படிக்கும் இடையில் உயர வித்தியாசம் உண்டு, மாமியை ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் பிடியுங்கள். ரிக்கற்றை எறிந்துவிடாதீர்கள், வெளியேறும்போது கேட்பார்கள்.

திரும்புவதற்கு ரயில் வேண்டாம். எதிர்ப் பிளாற்போமுக்குப் பாலப்படி ஏறவேண்டும், அந்த முழங்காலுக்கு அது கூடாது. வெள்ளவத்தையில் ஒரு பிளேன்ரீ குடித்து, காலி வீதிக்கு வந்து புறக்கோட்டை போகும் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறுங்கள். முன் இருக்கைகள் மதகுருமாருக்கு, அதில் இருக்க வேண்டாம். இறங்கவேண்டியது காலிமுகத்திடலில், நடத்துநரிடம் ‘கோல்பேஸ்’ என்றால் போதும். இறங்கும்போது ‘பஹினவா’ என்று சத்தமாகச் சொல்லுங்கள், இறங்குகிறோம் என்று அர்த்தம். விலை கேட்க ‘கீயத’. இந்த இரண்டு சொல்லோடு நாளைச் சமாளிக்கலாம்.

காலிமுகத்திடல் நம் கணக்கில் 12 ஏக்கர் அளவு, அரைக் கிலோமீற்றர் நீளம். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைப்பித்தது. பழைய ஹோட்டல் இருக்கும் தெற்கு முனையிலேயே இறங்கி அங்கேயே நில்லுங்கள். வடக்கு முனையில் நின்றால் கடலை நிரப்பி உண்டாக்கிய துறைமுக நகரம், 269 ஹெக்டேயர், ஏறத்தாழ 665 ஏக்கர், மேற்குப் பார்வையை மறைத்துவிடும். ஓகஸ்ட்டில் சூரியன் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே ஒதுங்கி இறங்குவதால் இந்த மறைப்பு இன்னும் கூடும்.

பட்டம் அங்கேயே விற்பார்கள். வடக்கில் நாங்கள் தை மாதம் வாடைக்காற்றில் ஏற்றுகிறோம், கொழும்பு ஓகஸ்ட்டில் சோளகத்தில் ஏற்றுகிறது. காற்று கடலிலிருந்து வருவதால் பட்டம் வீதிப் பக்கமாகப் போகும். மகன் கடல் ஓரத்தில் நின்று நூல் விடட்டும், பின்னால் நகர்ந்து வீதிக்குப் போய்விடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இறால் வடை வாங்கினால் அடுக்கி வைத்ததை எடுக்காமல் கண் முன்னால் பொரித்துத் தரச் சொல்லுங்கள். காலையில் பொரித்ததைத் திரும்பச் சூடாக்கினால் இறால் ஓடு சவ்வுபோல் இழுபடும், அதில் தெரிந்துவிடும். இந்த மாதத்தில் கடலில் இறங்கவே கூடாது.

உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த கடல் முல்லைத்தீவுக் கடல். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், பின்னேரம் காட்டுக்குப் பின்னால் மறையும். கடலுக்குள் சூரியன் இறங்குவதை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள். ஓகஸ்ட்டில் அது 6.20, 6.25 அளவில் நடக்கும். மேகம் மூடாவிட்டால், விளிம்பு தண்ணீரைத் தொட்டதிலிருந்து முழுக்க மறைய இரண்டு மூன்று நிமிடம்தான். 6.10க்கே வடைக்காரரிடமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கடல் பக்கம் திருப்பி இருத்திவிடுங்கள்.