கொழுந்துக் கணக்கும் ஜாவாவின் தரவு வகைகளும்: கேள்வி பதில்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து நிறுவைக் கணக்கை ஜாவா நிரல்மொழியில் எழுதிப் பழகும் தம்பி தங்கைகள் கேட்டவை. கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது.

ஹட்டன்: அக்கா, தொலைபேசி எண்ணை இன்ட் (முழு எண்) வகையில் வைத்தேன். 051இல் உள்ள முன் பூஜ்யம் காணாமல் போகிறது. ஏன்?

இன்டுக்கு மதிப்பு மட்டும்தான் தெரியும், எழுதிய வடிவம் தெரியாது தம்பி. நிரலுக்குள் நேரடியாக 051 என்று எழுதினால் ஜாவா அதை எட்டை அடியாகக் கொண்ட (ஆக்டல்) எண்ணாக எடுத்து 41 ஆக்கிவிடும். கூட்டிக் கழிக்காத எண்ணை ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துச் சரமாக, வையுங்கள். இலங்கை அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். பழைய அட்டையில் 9 இலக்கத்துக்குப் பின் ஓர் எழுத்து வரும். புதியதில் 12 இலக்கம், இன்டின் உச்சமோ 2,147,483,647.

தலவாக்கலை: இன்ட் இருக்கும்போது இன்டீஜர் எதற்கு? இரண்டு இன்டீஜர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127க்குச் சரி என்கிறது, 128க்குத் தவறு என்கிறது.

இன்ட் எளிய வகை. வகுப்பின் (கிளாஸ்) புலமாக (ஃபீல்டு) வைத்து மதிப்புக் கொடுக்காவிட்டால் தானாக 0 ஆகும். இன்டீஜர் ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்), அது நல் (null, மதிப்பே இல்லை) ஆகவும் இருக்கலாம். ஒரு நாள் என் அம்மா மலையேறிக் கொழுந்து பறித்தும் செக்ரோலில் (வேலைக்கு வந்தோர் பதிவேட்டில்) பேர் விழவில்லை, அன்றைய சம்பளம் போனது. அதனால் சொல்கிறேன்: "இன்னும் நிறுக்கவில்லை" என்பதும் "0 கிலோ" என்பதும் ஒன்றல்ல. முதலாவதை நல் என்றே வையுங்கள். 0 என்று பதிந்தால் ஆள் பறிக்கவே இல்லை என்றாகிவிடும்.

சரி, அந்த 128. பொருள்களுக்கிடையில் இரட்டைச் சமக்குறி போட்டால், இரண்டும் ஒரே பொருள்தானா என்றே ஜாவா பார்க்கும். -128 முதல் 127 வரையான இன்டீஜர்களை அது முன்பே செய்து வைத்து, திரும்பத் திரும்ப அதையே தருகிறது. அதற்கு மேல் பெரும்பாலும் தனித்தனிப் பொருள்கள். மதிப்பைப் பார்க்கும் ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிடுங்கள்.

பண்டாரவளை: சம்பளத்துக்கு டபுள் (தசம எண் வகை) போதுமா?

போதாது. டபுளில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் எடுங்கள், தொடக்க மதிப்பை ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள். இல்லையென்றால் சதமாக மாற்றி லாங்கில் (பெரிய முழு எண் வகை) வையுங்கள்.

பதுளை: தொழிலாளி வகுப்பில் நிறுவைப் பட்டியலை பிரைவேட் (வெளியார் தொட முடியாதது) ஆக்கியும் வெளியிலிருந்து மாற்ற முடிகிறதே?

கெட்டர் (மதிப்பை எடுத்துத் தரும் முறை) வழியாக அந்தப் பட்டியலையே கையில் கொடுத்திருப்பீர்கள் தங்கச்சி. சிக்கலான வகைகளில் போவது நகல் அல்ல, பொருளைச் சுட்டும் குறிப்பு. ஜாவா 10 முதல் உள்ள லிஸ்ட் காப்பிஆஃப் மூலம் மாற்ற முடியாத நகலைக் கொடுங்கள். தேதி, கிலோ இரண்டும் சேர்ந்த ஒரு நிறுவையை, ஜாவா 16இல் நிலைபெற்ற ரெக்கார்டாக (தரவை மட்டும் தாங்கும் சுருக்க வகுப்பு) எழுதலாம். ஆனால் ரெக்கார்டுக்குள் பட்டியல் வைத்தால் அங்கேயும் நகல் எடுக்க வேண்டும்.