கிடக்கும் மரங்கள்

அன்புள்ள ஐயா,

குரூப் 4 தேர்வு மூன்றாவது முறையும் கைவிட்டுப் போய்விட்டது. இந்த முறை நாலரை மதிப்பெண்ணில். கணக்குதான் எப்போதும் காலை வாருகிறது. துவண்டுவிடக் கூடாது என்று ரிசல்ட் வந்த மறுநாளே அடுத்த பேட்ச்சில் சேர்ந்துவிட்டேன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அது இன்னும் கஷ்டம். எத்தனை முறை முயற்சி செய்யலாம்?

கே., விருத்தாசலம்

அன்புள்ள கே.,

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்களே போய்ப் பேசுங்கள். எத்தனை முறை என்பதை உங்கள் வீட்டு அரிசிக் கணக்குதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது. என்னை உறுத்தியது ‘மறுநாளே’ என்ற சொல். ஏனய்யா மறுநாளே?

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிவிட்டது. நாலாம் நாள், பேராவூரணிக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் தோப்புக்குப் போனேன். 140 தென்னையில் நின்றவை 9. சித்தப்பா விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்து ஓர் இளநீரைச் சீவி நீட்டினார். “குடி, இனிமே ஏது” என்றார்.

பக்கத்துத் தோப்புக்காரர் உங்களைப் போல வீரர். தை பிறந்ததும் கன்று வாங்கிவந்து, கிடந்த மரங்களுக்கு நடுவிலேயே குழியெடுத்து நட்டுவிட்டார். ஊரே அவரை மெச்சியது. சித்தப்பாவைச் சோம்பேறி என்றது. நானும் போனில் ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டேன், இன்றும் கூசுகிறது.

மக்கும் தென்னைக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அடிமரம் ஒன்றைப் பிளந்து காட்டினார்கள்: கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், சுருண்டு சுருண்டு. வண்டாகி வெளியே வந்தால் எதிரிலேயே இளங்குருத்து. அவர் நட்டதில் பாதிக்கு மேல் செத்தது. தப்பிய கன்றுகளின் மட்டை விரிந்தபோது கத்தரியால் நறுக்கிவிட்ட மாதிரி இருந்தது.

சித்தப்பா அந்த வருஷம் முழுக்க மரம் அறுத்தார். செங்கல் சூளைக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார், கொடுத்தார். தூரைப் பெயர்த்தார். காலி இடத்தில் உளுந்து போட்டார். அரசு மரத்துக்குக் கொடுத்த 1,100 ரூபாயில் 500 வெட்டி அப்புறப்படுத்தத்தான், தெரியுமா? அப்புறம்தான் கன்று. அதுவும் நிதானமாகக் காய்க்கும் நெட்டை ரகம்.

சரி, உங்கள் தோப்புக்கு வருவோம். நாலரை மதிப்பெண் என்றால் மூன்றே கேள்வி. எந்த மூன்று? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கணக்கு காலை வாருகிறதாம்! இருப்பதே 25 கேள்வி. சதவீதமா, தனிவட்டியா, நேரமும் வேலையுமா, எது வாரியது? மூன்று முறை விழுந்தவருக்கு இது மனப்பாடமாகத் தெரிய வேண்டாமா? பேட்ச்சுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். மூன்று வினாத்தாளையும் ஆன்சர் கீயையும் தரையில் பரப்பி வைத்து உட்காருங்கள். நடுவில் அழுகை வந்தால் அழுதுவிட்டு உட்காருங்கள். உளுந்து மாதிரி கைக்கு ஏதாவது வருமானம் பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். கணக்கு எடுங்கள்.

போன வாரம் சித்தப்பா கூப்பிட்டார். ரெண்டு மரம் பாளை விட்டிருக்கிறதாம்.