கணினி ராமைத் தொடவே இல்லை, ஏன் தகராறு?

கேள்வி: கோர் 2 டுவோ இ6600 பிராசஸர், டிடிஆர்2-800 ராம் (நினைவகம்). வேகத்தைக் கூட்ட எஃப்.எஸ்.பி.யை (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதையின் வேகம்) 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333-க்கு ஏற்றினேன். ராம் செட்டிங்கைத் தொடவில்லை. விண்டோஸ் ஏறும்போதே நீலத்திரை. பிராசஸர் தாங்கவில்லையா?

பதில்: பிராசஸர் மேல் பழி போடாதீர்கள்; அதன் பெருக்கி 9 x எஃப்.எஸ்.பி. 333 = 3 ஜிகாஹெர்ட்ஸ் என்பது இ6600 பெரும்பாலும் சுலபமாகத் தொடும் வேகம். நீங்கள் தொடாவிட்டாலும் ராம் வேகமும் கூடவே ஏறியிருக்கிறது. எஃப்.எஸ்.பி. 266-ல் ராம் 400-ல் ஓட (டிடிஆர் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு கடத்துவதால் பெயரில் 800), எஃப்.எஸ்.பி.-ராம் விகிதம் 2:3. அதே விகிதத்தில் 333 என்றால் ராம் 500, அதாவது டிடிஆர்2-1000. 800-க்கான ராம் பெரும்பாலும் அதைத் தாங்காது.

பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை செட்டிங் திரை) விகிதத்தை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1:1 வையுங்கள். ராம் 333-க்கு இறங்கும். வேகம் போச்சே என்று கவலை வேண்டாம்: இரட்டைச் சேனலில் (இரண்டு ராம்கள் ஜோடியாக ஓடும் முறை) டிடிஆர்2-667 தருவது விநாடிக்கு சுமார் 10.6 ஜிபி, 333 எஃப்.எஸ்.பி. கடத்துவதும் அவ்வளவுதான். 5:6 வைத்தால் ராம் சரியாக 400-க்கு வரும், ஆனால் லாபம் சொற்பம். சில போர்டுகளில் ராம் வேகம் வரம்புக்குள் இருந்தும் குறிப்பிட்ட விகிதம் மட்டும் தகராறு செய்யும்; விகிதம் மாறினால் நார்த்பிரிட்ஜின் (பிராசஸரையும் ராமையும் இணைக்கும் சிப்) உள் டைமிங்கும் மாறுவதே காரணம். அங்கே ராம் வோல்டேஜை ஏற்றிப் பயனில்லை, விகிதத்தை மாற்றுங்கள்.

ராம் டைமிங் (தாமத அளவுகள்) 5-5-5-15 வையுங்கள்; கிராபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐ-இ வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸில் பூட்டுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் சில சுற்றுகள் ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் ராமை 333 என்று காட்டினால் பதறாதீர்கள், அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.